பில் ஃப்ரீஹன் புகழ் மண்டபத்துக்குத் தகுதியானவரா? திருகோணமலையில் 12 பேர் கூடித் தீர்ப்பது எப்படி

பில் ஃப்ரீஹன் அமெரிக்காவின் டெட்ரொயிட் டைகர்ஸ் பேஸ்போல் அணியின் கெட்சர், அதாவது விக்கெட் காப்பாளரைப் போலத் துடுப்புக்காரருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர். 1961இல் தலையைக் காட்டிவிட்டு, 1963 முதல் 1976 வரை அதே அணிக்கு ஆடினார். 11 தடவை ஓல் ஸ்டார் (ஆண்டின் நட்சத்திர அணித் தெரிவு), 5 தடவை கோல்ட் குளோவ் (களத்தடுப்பு விருது), 1968இல் உலகத் தொடர் என்ற பருவ இறுதித் தொடரில் வெற்றி. 1982இல் அவருடைய பெயர் பேஸ்போலின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்தின் வாக்குச்சீட்டில் வந்தபோது வாக்களித்த 415 எழுத்தாளர்களில் 2 பேர்தான் அவருக்குப் போட்டார்கள். கதை அத்தோடு முடிந்தது. 2021இல் அவரும் காலமானார். மற்ற 413 பேரும் சரியா என்பதை ஒரு பின்னேரமும் ஓர் இரவும் ஒதுக்கினால் நீங்களே தீர்த்துக்கொள்ளலாம்.

இந்த வேலைக்கு டெட்ரொயிட்டை விடத் திருகோணமலை நல்ல இடம். அங்கே ஃப்ரீஹன் என்றதும் பாதிப் பேருக்குச் சிறுவயது ஞாபகம் வந்துவிடும். இங்கே அந்தப் பெயருக்கு எவருடைய முகமும் மாறாது. பெயரை மறைத்து எண்களை மட்டும் வைத்தால் உண்மையாகவே எண்களை மட்டும் பார்க்கக்கூடிய ஆட்கள் நாங்கள். அதோடு விக்கெட் காப்பாளரின் வேலை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். எல்லே ஆடியவர்களுக்குப் பேஸ்களைச் சுற்றி ஓடுவதும் புதிதல்ல.

முதலில் விதிகளை எழுதி ஒட்டுங்கள்

விவாதம் தொடங்குவதற்கு முன் சுவரில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் இரவு ஒன்பது மணிக்கு "புகழ் மண்டபம் என்றால் என்ன" என்ற சண்டையில் வந்து நிற்பீர்கள்.

கூப்பர்ஸ்டவுன் மண்டபத்துக்கு இரண்டு வாசல்கள். முதலாவது, அமெரிக்க பேஸ்போல் எழுத்தாளர் சங்கத்தின் வாக்கு. குறைந்தது 10 பருவங்கள் ஆடியிருக்க வேண்டும், ஓய்வுபெற்று 5 ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும், 75% வாக்கு வேண்டும். 5% எடுக்காதவர் அடுத்த ஆண்டு சீட்டில் இல்லை. எடுத்தவர் 10 ஆண்டுகள் வரை இருக்கலாம். முன்பு அது 15 ஆண்டுகள். இரண்டாவது வாசல், எழுத்தாளர்கள் தவறவிட்டவர்களுக்கான காலக் குழு. அதில் 16 உறுப்பினர்கள், சீட்டில் 8 பெயர்கள், ஓர் உறுப்பினர் அதிகபட்சம் 3 பேருக்குப் போடலாம், உள்ளே போக 12 வாக்கு தேவை. ஃப்ரீஹனுக்கு இனி மிச்சம் இருப்பது இந்த வாசல்தான். அவருடைய நல்ல காலம் 1980க்கு முந்தியது என்பதால் "கிளாசிக்" குழுவின் முன்தான் வர முடியும். அந்தக் குழு மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை கூடும். அடுத்த முறை 2027 டிசம்பர்.

எதைப் பார்த்து வாக்களிக்க வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கிறது: ஆட்டப் பதிவு, திறமை, நேர்மை, விளையாட்டுப் பண்பு, ஒழுக்கம், அணிக்குச் செய்த பங்களிப்பு. எத்தனை ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லாப் பேஸையும் சுற்றி வருவது), எத்தனை ஹிட் (அடித்துப் பேஸைப் பிடிப்பது) என்று எந்த வரம்பும் அதில் இல்லை. இந்த வரியைச் சிவப்பு மையால் எழுதுங்கள். ஃப்ரீஹன் தோற்றது இல்லாத ஒரு வரம்பைத் தாண்டாததால்தான்.

மைதானத்தில் ஒரு மணித்தியாலம்

எண்களுக்கு முன் உடம்பு. கெட்சரின் வேலையைத் தொட்டுப் பார்க்காதவர்கள், துடுப்பாட்டத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஏகாம்பரம் மைதானமோ, மெக்கெய்சர் அரங்கோ, பாடசாலை மைதானமோ, அனுமதி கிடைத்த இடத்தில் 35க்கு 35 மீற்றர் துண்டு போதும். பின்னேரம் உதைபந்தாட்டப் பயிற்சி நடக்கும் இடமென்றால் ஒரு மூலையைக் கேட்டு வாங்குங்கள். கச்சான் அடிக்கும் மாதங்களில் ஐந்து மணிக்கு முன் இறங்க வேண்டாம். மாரி மழை தொடங்கினால் மைதானம் சேறாகிவிடும், ஆகவே ஒக்டோபருக்கு முன் முடித்துக்கொள்வது நல்லது. கடற்கரையில் செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள். மணலில் கால் புதையும், எறிவதற்கு ஊன்றல் கிடைக்காது, அளந்த நேரம் எதற்கும் உதவாது.

தேவையானவை: 50 மீற்றர் அளவு நாடா இரண்டு, சுண்ணாம்பு அல்லது நான்கு சாக்குத் துண்டு, ஸ்டொப்வோச் உள்ள கைபேசி மூன்று, பந்து ஒன்று, விக்கெட் காப்பாளர் கையுறை ஒன்று. நாடாவுக்குப் பதில் நைலோன் கயிறு எடுக்காதீர்கள், அது இழுபடும். 38 மீற்றரில் முழங்கையளவு பிழை வந்துவிடும்.

துடுப்புக்காரர் நிற்கும் இடத்திலுள்ள ஹோம் பிளேட்டின் பின்முனையை ஒரு புள்ளியாகக் குறியுங்கள். அங்கிருந்து நேராக 38.8 மீற்றரில் இரண்டாம் பேஸ். பிறகு ஒரு நாடாவை ஹோமிலும் மற்றதை இரண்டாம் பேஸிலும் பிடித்து, இரண்டும் 27.43 மீற்றரில் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள்: வலப்பக்கம் முதலாம் பேஸ், இடப்பக்கம் மூன்றாம் பேஸ். மூலைமட்டம் எதுவும் தேவையில்லை. பிட்சர், அதாவது பந்தை எறிபவர், நிற்கும் பலகை ஹோமிலிருந்து 18.44 மீற்றர். வழக்கமாக வரும் பிழை, ஹோமின் முன்விளிம்பிலிருந்து அளப்பது. பிளேட்டின் நீளம் மட்டும் 43 சென்ரிமீற்றர், பின்முனையிலிருந்தே எல்லாம்.

இப்போது உங்களில் நல்ல விக்கெட் காப்பாளரைக் குந்த வையுங்கள். துடுப்புக்காரர் யாரும் வேண்டாம். துடுப்பில் உரசித் திரும்பும் பந்து முகமூடியும் நெஞ்சுக் கவசமும் இல்லாமல் பிடிக்கக்கூடியது அல்ல. கையுறை இடக்கையில் மட்டும். இரண்டு கையிலும் போட்டால் கழற்றும் நேரத்தில் ஓடுபவர் போய்ச் சேர்ந்துவிடுவார். வலக்கை வெறுங்கை என்பதால் பிட்சர் முழு வேகத்தில் எறியக் கூடாது, பாதி வேகம் போதும். பந்து கையுறையில் பட்ட கணத்திலிருந்து இரண்டாம் பேஸில் நிற்பவரின் கையில் படும் கணம் வரை மூன்று பேர் அளக்க வேண்டும். மூன்றில் நடுவிலுள்ள நேரத்தை எடுங்கள். அமெரிக்கப் பெரிய லீக்கில் இது சுமார் 2 விநாடி. உங்கள் ஆள் 2.5க்குக் கீழே வந்தால் கைதட்டலாம்.

அடுத்து, இரண்டாம் பேஸைத் திருட, அதாவது யாரும் அடிக்காமலே ஓடிப் பிடிக்க, ஓட்டக்காரரைச் சேருங்கள். முதலாம் பேஸிலிருந்து மூன்று நான்கு மீற்றர் விலகி நின்று, பிட்சரின் கால் அசைந்ததும் ஓட வேண்டும். இங்கேதான் முக்கியமான பாடம் வருகிறது. பெரிய லீக் பிட்சர் அசைந்து பந்து ஹோமுக்கு வர 1.3 விநாடி அளவு. அதோடு கெட்சரின் 2 விநாடி. மொத்தம் 3.3. பிட்சரின் 1.3 ஒரு 1.6 ஆகிவிட்டால் கெட்சர் எவ்வளவு அழகாக எறிந்தாலும் பயனில்லை. ஆகவே "திருட வந்தவர்களில் இத்தனை வீதத்தைப் பிடித்தார்" என்ற எண்ணைப் பார்க்கும்போது அதில் பாதிக்குச் சொந்தக்காரர் பிட்சர். பிட்சரை வேண்டுமென்றே மெதுவாக எறியச் சொல்லி ஒரு சுற்று நடத்துங்கள். இதைப் பிறகு யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

கடைசியாக, குந்தி எழும்புவது. இன்றைய ஆட்டமொன்றில் ஓர் அணி எறிவது சுமார் 150 பந்து. ஒவ்வொன்றுக்கும் கெட்சர் குந்த வேண்டும். உங்கள் ஆட்களை 30 தடவை குந்த வைத்துவிட்டு, உடனே துடுப்பைக் கொடுத்துப் பத்துப் பந்து அடிக்கச் சொல்லுங்கள். இதற்கு எங்களுக்குத் தெரிந்த நல்ல சாட்சி குமார் சங்கக்கார. விக்கெட் காத்த 48 டெஸ்ட்களில் அவருடைய சராசரி 40 சொச்சம். காக்காத 86 டெஸ்ட்களில் 66 சொச்சம். கையுறையைக் கழற்றியதும் 26 ஓட்டம் கூடியிருக்கிறது. முழுக்க முழுக்கக் கையுறையின் விலை என்று சொல்ல முடியாது, வயதும் அனுபவமும் அதில் கலந்திருக்கின்றன. ஆனாலும் ஒரு கெட்சரின் துடுப்பாட்ட எண்ணை வெளிக்களத்தில் நிற்பவரின் எண்ணோடு வைப்பது எவ்வளவு பிழை என்பது இதில் தெரியும். சங்கக்காரவுக்குக் கையுறையைக் கழற்ற வழி இருந்தது. ஃப்ரீஹன் ஆடிய 1,774 ஆட்டங்களில் 1,581இல் கெட்சராகவே இருந்தார்.

ஐந்து தாள்கள்

இரவு வேலைக்கு ஐந்து கெட்சர்களுக்கு ஐந்து தாள் அடியுங்கள். தலைப்பில் பெயர் இல்லை, அ, ஆ, இ, ஈ, உ மட்டும். பில் ஃப்ரீஹன், தேர்மன் மன்சன், ஹோர்ஹே பொசாடா, டெட் சிமன்ஸ், ரிக் ஃபெரல். கடைசி இருவரும் ஏற்கெனவே மண்டபத்தில் இருப்பவர்கள். அவர்கள் எதற்கு என்றால், உங்கள் குழுவின் அளவுகோல் உண்மையான மண்டபத்தின் அளவுகோலோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க. சிமன்ஸை நீங்கள் வெளியே தள்ளினால் உங்கள் வரம்பு கூப்பர்ஸ்டவுனை விட உயரம். ஃபெரலை உள்ளே எடுத்தால் மிகவும் தாழ்வு.

எண்களை பேஸ்போல் ரெஃபரன்ஸ் தளத்திலிருந்து எடுங்கள். ஒரே தளத்திலிருந்து எடுப்பது முக்கியம், காரணம் கீழே. தாளில் இருக்க வேண்டியவை: கெட்சராக ஆடிய ஆட்டங்கள், ஓ.பி.எஸ். பிளஸ், மொத்த வோர், சிறந்த ஏழு பருவங்களின் வோர், ஜோஸ், ஓல் ஸ்டார் தெரிவுகள், எம்.வி.பி. (ஆண்டின் மிகப் பெறுமதியான வீரர்) வாக்கில் பிடித்த இடங்கள். வெற்றிக் கிண்ணங்களைப் போடாதீர்கள், அவை அணியுடையவை.

ஓ.பி.எஸ். பிளஸ் என்பது ஒருவர் பேஸுக்குப் போகும் திறனையும் அடியின் பலத்தையும் சேர்த்து, அந்த ஆண்டின் லீக்கோடும் மைதானத்தோடும் ஒப்பிட்டுச் சொல்வது. 100 என்றால் சராசரி. 112 என்றால் சராசரியை விட 12 வீதம் மேல். வோர் என்பது ஒருவர் சும்மா கிடைக்கக்கூடிய மாற்று வீரரை விட எத்தனை வெற்றி கூடுதலாகக் கொடுத்தார் என்ற கணக்கு. சுமார் 10 ஓட்டம் ஒரு வெற்றி. ஒரு பருவத்தில் 2 எடுத்தால் நிரந்தர வீரர், 5 எடுத்தால் ஓல் ஸ்டார் தரம். கெட்சர் என்ற கடினத்துக்கான சலுகை அதற்குள்ளேயே இருக்கிறது. ஜோஸ், மொத்த வோரையும் சிறந்த ஏழு பருவ வோரையும் கூட்டி இரண்டால் வகுப்பது. ஜே ஜாஃபி என்ற எழுத்தாளர் உருவாக்கியது. இதைக் குழுவினரே கையால் கணக்கிட வேண்டும். ஃப்ரீஹனுக்கு மொத்தம் சுமார் 44.8, சிறந்த ஏழு 33.7. கூட்டி வகுத்தால் 39.3. மன்சனுக்கு 46.1, 37.0, ஜோஸ் 41.5 அளவு. சிமன்ஸ் 50.3, 34.8, 42.6 அளவு. பொசாடா 42.7, 32.7; 37.7. மண்டபத்திலுள்ள கெட்சர்களின் சராசரி ஜோஸ் 44 அளவு. தளம் அவ்வப்போது சூத்திரத்தைத் திருத்துவதால் புள்ளிக்குப் பின்னாலுள்ள எண் மாறலாம். அதற்காகச் சண்டை வேண்டாம். ஒரு வெற்றிக்குக் குறைவான வித்தியாசத்தை வித்தியாசமாகவே எடுக்காதீர்கள்.

கிரிக்கெட் பழகிய கண்ணுக்கு வரும் முதல் தடுமாற்றம் அடிச் சராசரி. ஃப்ரீஹனுடையது .262. இது ஆட்டமிழப்புக்கு இத்தனை ஓட்டம் என்ற கணக்கு அல்ல. 6,073 முறை துடுப்போடு நின்று 1,591 ஹிட். 626 வோக்கும் (நான்கு பிழையான எறிகளால் கிடைக்கும் முதலாம் பேஸ்) 114 தடவை உடம்பில் பந்து பட்டதும் அந்தச் சராசரிக்குள் வராது. அவற்றையும் சேர்த்தால் அவர் பேஸுக்குப் போன வீதம் .340. உடம்பில் பட்டது 114 என்பதைத் தட்டச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். 1968இல் மட்டும் 24. பிளேட்டை ஒட்டி நின்று விலகாத மனிதர்.

ஆண்டைப் பார்க்காமல் எண்ணைப் பார்க்காதீர்கள்

அந்த 1968ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிட்சர்களின் பொற்காலம் அது. ஃப்ரீஹனின் அணியில் பிட்சராக இருந்த டெனி மக்லெய்ன் 31 வெற்றி எடுத்தார். மறு லீக்கில் பிட்சர் பொப் கிப்சன் ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ஓட்டங்களின் சராசரி 1.12. ஃப்ரீஹன் ஆடிய அமெரிக்கன் லீக் முழுவதற்கும் அடிச் சராசரி .230. லீக்கில் முதலிடம் பிடித்த கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியே .301தான். துடுப்பாட்டம் இப்படி ஒடுங்கிப் போனதால்தான் 1969இல் பிட்சரின் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். அந்த வரட்சியில் ஃப்ரீஹன் 25 ஹோம் ரன், 84 ஓட்ட உதவி, .263. தாளில் வெறும் .263 என்று மட்டும் இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் ஓ.பி.எஸ். பிளஸ் 145 என்று போடுங்கள். அந்த ஆண்டு எம்.வி.பி. வாக்கில் மக்லெய்னுக்கு அடுத்து இரண்டாம் இடம். முந்தைய ஆண்டு மூன்றாம் இடம். தாளை அடிக்கும்போது ஒவ்வொருவரின் சிறந்த மூன்று பருவங்களுக்குப் பக்கத்திலும் அந்த ஆண்டின் லீக் சராசரியைப் போடுங்கள். இது அரை மணி நேர வேலை, இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம்.

எதிர்ப் பக்கத்தையும் அதே நேர்மையோடு எழுதுங்கள். 20 அல்லது அதற்கு மேல் ஹோம் ரன் அடித்த பருவங்கள் மூன்றே மூன்று. மொத்தம் சரியாக 200. 2,000 ஹிட்டுக்கு வெகு தொலைவில் நின்றார். முதுகுவலி முற்றி 1970இல் முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். 1971இல் 21 ஹோம் ரன்னோடு மீண்டாலும் 1967, 1968இன் உயரத்துக்கு மறுபடி போகவில்லை.

யாரோடு ஒப்பிடுவது

மண்டபத்தில் கெட்சர்கள் மொத்தம் 20 பேர் அளவில்தான். அதில் ஜோஷ் கிப்சன் போன்ற மூவர், நிறத்தடைக் காலத்தில் கறுப்பின வீரர்களுக்கென இருந்த நீக்ரோ லீக்குகளில் ஆடியவர்கள். முப்பது அணிகளில் ஒவ்வொன்றுக்கும் தவிர்க்க முடியாத இடமொன்றுக்கு இந்த எண்ணிக்கை குறைவு. ஆனால் "குறைவாக இருக்கிறார்கள், ஆகவே சேருங்கள்" என்பது ஒரு வாதமே அல்ல. அந்தப் பாதையில் போகாதீர்கள்.

அதைவிடக் கவர்ச்சியான பொறி ஒன்று இருக்கிறது: உள்ளே இருப்பவர்களில் மிகக் குறைந்தவரைப் பிடித்து "இவரே இருக்கிறார், அவர் ஏன் இல்லை" என்று கேட்பது. ரிக் ஃபெரலின் ஓ.பி.எஸ். பிளஸ் 95, வாழ்நாளில் 28 ஹோம் ரன். 1984இல், இன்றைய காலக் குழுவுக்கு முன்னிருந்த பழைய வீரர் குழு அவரை உள்ளே எடுத்தது. இன்னொரு கெட்சர் ரே ஷோக் .253 அடித்து 11 ஹோம் ரன்னோடு 1955இல் போனார். ஃப்ரீஹன் இருவரையும் இலகுவாகத் தாண்டுவார். அவரோடு இன்னும் இருபது பேரும் தாண்டுவார்கள். ஃபெரலின் தாளை வைத்திருப்பது இந்தப் பொறி வேலை செய்வதை எல்லோரும் பார்க்கத்தான்.

மறு கோடியில், மண்டபத்தின் உச்சியிலுள்ள கெட்சர் ஜொனி பெஞ்ச். வோர் 75. அவரோடு ஒப்பிட்டால் மண்டபத்திலுள்ள பாதிப் பேரை வெளியே அனுப்ப வேண்டும். ரோய் கம்பனெல்லாவையும் ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். நிறத்தடையால் பெரிய லீக்குக்கு வரவே 1948 ஆகிவிட்டது. 1958இல் கார் விபத்து அவரை முடக்கியது. அவருடைய எண்கள் அவருடைய திறனைச் சொல்வதில்லை.

சரியான ஒப்பீடு சிமன்ஸ். 1994இல் எழுத்தாளர் வாக்கில் 3.7% எடுத்து, ஃப்ரீஹனைப் போலவே முதல் ஆண்டில் தூக்கி எறியப்பட்டவர். காலக் குழு ஒரு தடவை ஒரே ஒரு வாக்கால் மறுத்து, 2019 டிசம்பரில் 16இல் 13 வாக்கோடு எடுத்தது. அவருக்கு 2,472 ஹிட், 248 ஹோம் ரன். மொத்த எண்ணிக்கையில் ஃப்ரீஹனை விட எங்கேயோ. ஆனால் சிறந்த ஏழு பருவங்களைப் பார்த்தால் 34.8க்கு 33.7. உச்சத்தில் இருவரும் ஒரே தட்டு. மிச்ச வித்தியாசம் முழுவதும் வாலில், அதாவது அந்த ஏழுக்கு வெளியேயுள்ள பருவங்களில் இருக்கிறது. சிமன்ஸின் வாலில் கணிசமான பகுதி கெட்சராக அல்லாமல் வேறு இடங்களில் ஆடியது. குழு பேச வேண்டிய கேள்வி இதுதான்: உச்சம் சமம் என்றால், குந்தாமல் ஆடிய கடைசி ஆண்டுகளுக்கு எவ்வளவு மதிப்பு?

பேச்சு தடம் மாறும் இடங்கள்

"உலகத் தொடரில் என்ன செய்தார்?" யாராவது கேட்பார். 1968 தொடரில் 24க்கு 2 ஹிட், .083. மோசம். அதே தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில், எதிரணியான செயின்ட் லூயிஸ் 3க்கு 1 என்று முன்னிலையில் இருந்து இன்னொரு வெற்றியோடு தொடரை முடிக்க இருந்த நேரம், அதன் வீரர் லூ புரொக் இரண்டாம் பேஸிலிருந்து ஹோமுக்கு ஓடி வந்தார். டைகர்ஸின் வில்லி ஹோர்டன் இடப்பக்க வெளிக்களத்திலிருந்து எறிந்தார். புரொக் சறுக்காமல் நின்றபடியே வந்தார். ஃப்ரீஹன் காலை ஊன்றி வழியை அடைத்துப் பந்தோடு அவரைத் தொட்டு ஆட்டமிழக்கச் செய்தார். டைகர்ஸ் அந்த ஆட்டத்தை 5க்கு 3 என்றும், தொடரை ஏழாம் ஆட்டத்திலும் வென்றது. கடைசி ஆட்டமிழப்புப் பந்தும் ஃப்ரீஹன் கையில்தான். இன்று அப்படி வழி அடைக்க முடியாது, 2014இல் விதி வந்துவிட்டது. இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினால் அரைவாசிப் பேர் உடனே கை தூக்குவார்கள், அதனால்தான் வாக்கெடுப்புக்குப் பிறகு காட்ட வேண்டும். ஒரு தொடரின் .083ஐயும் ஒரு கணத்தின் வீரத்தையும் 14 பருவங்களின் தீர்ப்பாக்கக் கூடாது.

கோல்ட் குளோவ் விருதும் கவனம். 1965 முதல் 1969 வரை ஐந்தும் தொடர்ச்சியாக வாங்கியவர் ஃப்ரீஹன். ஆனால் அது மேலாளர்களும் பயிற்றுநர்களும் போட்ட வாக்கு. பெயர் பெற்றவருக்கே திரும்பத் திரும்பப் போகும் பழக்கம் உண்டு. சாட்சியாக எடுங்கள், தீர்ப்பாக எடுக்காதீர்கள். ஓல் ஸ்டார் கதை கொஞ்சம் வேறு: 1964 முதல் 1973 வரை ஒரு வருடம்கூட விடாமல் பத்து, பிறகு 1975. பத்து ஆண்டு தொடர்ச்சியைத் தற்செயல் என்று சொல்ல வர மாட்டேன் என்கிறது.

அடுத்தது ஃபிரேமிங். எல்லையிலுள்ள பந்தைக் கையுறையைச் சற்றே உள்ளிழுத்துப் பிடித்து ஸ்ட்ரைக் (சரியான எறி என்ற தீர்ப்பு) ஆக்கும் வித்தை. பந்தின் பாதையைக் கருவியால் அளக்கத் தொடங்கிய 2008இலிருந்துதான் இதற்கு நம்பகமான கணக்கு உண்டு. ஃபேன்கிராஃப்ஸ் தளம் அதை வோரில் சேர்க்கிறது, பேஸ்போல் ரெஃபரன்ஸ் சேர்ப்பதில்லை. விளைவு, அண்மைக் காலக் கெட்சர்களான ரஸ்ஸல் மார்ட்டினும் பிரையன் மக்கேனும் ஒரு தளத்தில் 50க்கு மேல், மற்றதில் 40க்குக் கீழ். இருவரும் வாக்குச்சீட்டில் 5% எட்டாமல் போனார்கள். இரண்டு தள எண்களையும் ஒரே மேசையில் கலந்தால் 2008க்குப் பின் ஆடியவர்கள் எல்லாம் திடீரென்று மலையாகிவிடுவார்கள். ஃப்ரீஹன் ஃபிரேமிங்கில் எப்படி என்று எவராலும் அளக்க முடியாது. அந்தக் கட்டத்தைத் தாளில் வெறுமையாக விடுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள்.

மன்சன் விடயத்தில் வேறு ஆபத்து. நியூயோர்க் யாங்கீஸின் தலைவர், 1976இன் எம்.வி.பி., 1979 ஓகஸ்ட் 2ஆம் திகதி தானே ஓட்டிய விமானம் விழுந்து இறந்தவர். பெயர் தெரிந்த நிமிடத்தில் குழு "உயிரோடு இருந்திருந்தால்" என்று கணக்குப் போடத் தொடங்கும். இல்லாத பருவங்களுக்கு எண் கொடுக்காதீர்கள். இருக்கும் எண்களே அவருக்குப் போதும்.

வாக்கெடுப்பு

12 பேர் நல்ல எண்ணிக்கை, 9 வாக்கு 75%. 16 பேர் கிடைத்தால் இன்னும் நல்லது, உண்மையான குழுவின் கணக்கே வரும். ஒவ்வொரு தாளுக்கும் 12 நிமிடம்: நான்கு ஆதரவு, நான்கு எதிர்ப்பு, நான்கு கேள்வி. ஆதரவும் எதிர்ப்பும் பேசுபவர்களைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், விருப்பத்துக்கு விட்டால் வாய்க்காரர் ஒருவரே ஐந்துக்கும் பேசுவார். கை தூக்குவது வேண்டவே வேண்டாம். பெரியவர் ஒருவர் கை தூக்கினால் பெடியன்களின் கையும் மேலே போகும். மடித்த காகிதம், ஒரு டப்பா.

முதல் சுற்றில் எத்தனை பேருக்கும் போடலாம். முடிவை எழுதி வையுங்கள், வாசிக்காதீர்கள். இரண்டாம் சுற்றில் ஆளுக்கு 2 வாக்கு மட்டும். இந்தச் சுற்றில்தான் நல்லவர்கள் விழுவார்கள், ஏன் என்பதும் விளங்கும். உண்மையான குழுவில் 16 பேருக்குத் தலா 3 வாக்கு, மொத்தம் 48. ஒருவருக்கு 12 வேண்டும் என்றால் ஒரு வாக்கும் சிந்தாமல் விழுந்தாலும் நான்கு பேர்தான் போக முடியும். வாக்குகள் எட்டுப் பெயருக்கும் சிதறினால் ஒருவரும் போவதில்லை. 2025இல் இன்னொரு முள்ளும் சேர்ந்தது: 5 வாக்குக்குக் குறைவாக எடுத்தவர் அடுத்த சுற்றுச் சீட்டில் இடம்பெற முடியாது. ஆகவே ஃப்ரீஹனை ஆதரிப்பவர்கள் அவரைச் சீட்டில் ஏற்றினால் மட்டும் போதாது, மற்ற எந்த ஏழு பேரோடு ஏற்றுகிறார்கள் என்பதும் பார்க்க வேண்டும்.

எங்கள் வாக்கு: ஃப்ரீஹனுக்கு ஆம். மொத்த வோரில் மண்டபச் சராசரிக்குக் கீழேதான். ஆனால் ஏற்கெனவே மண்டபத்திலுள்ள லொம்பார்டி, பிரெஸ்னஹன், ஷோக், ஃபெரல் ஆகிய கெட்சர்களுக்கு மேலே. உச்ச ஏழு பருவங்கள் மண்டபத் தரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அவரோடு ஆடியவர்களின் கணிப்பும் பிற்காலக் கணக்கும் ஒரே பக்கம் சாய்கின்றன, இது அடிக்கடி நடப்பதில்லை. மன்சனுக்கும் ஆம், அவருடைய உச்சம் 37.0, ஃப்ரீஹனை விட மேல். ஃப்ரீஹனுக்குப் போட்டுவிட்டு மன்சனை மறுப்பவர் காரணத்தை எழுதித் தர வேண்டும். பொசாடாவுக்கு இல்லை. 275 ஹோம் ரன்னும் 121 ஓ.பி.எஸ். பிளஸும் ஐந்து பேரில் சிறந்த துடுப்புத்தான், ஆனால் கையுறை அதில் கணிசமானதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

பழகிய கையோடு அடுத்து வரும் கெட்சர்கள் இருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்டர் போசி 2027 வாக்குச்சீட்டில் வருகிறார்: 1,500 ஹிட்தான், ஆனால் உச்சம் உயரம். யாடியர் மொலினா 2028இல்: 9 கோல்ட் குளோவ், சராசரிக்குச் சற்றுக் கீழான துடுப்பு. எழுத்தாளர் வாக்கின் முடிவு ஜனவரியில், அமெரிக்கக் கிழக்கு நேரம் மாலை 6 மணிக்கு வரும். இங்கே மறுநாள் அதிகாலை 4.30. காலக் குழு முடிவு டிசம்பரில், அண்மைக் காலமாக அங்கே ஞாயிறு இரவு 7.30க்கு, இங்கே திங்கள் காலை 6 மணிக்கு. உங்கள் டப்பாவின் முடிவுத் தாளில் திகதி போட்டுக் கையெழுத்து வாங்கி, அதற்கு முன்பே ஒட்டி மூடிவிடுங்கள். விடிந்த பிறகு "நான் அப்பவே சொன்னேன்" என்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.